டென்னிஸ் அம்பயராக வேண்டும்: இனிமேல் இதில் பிழைப்பு உண்டா?

#1 அடிக்கோடு (கோவை)

அனைவருக்கும் வணக்கம். வயது 23. பள்ளியிலிருந்தே டென்னிஸ் ஆடுகிறேன். ஆட்டக்காரனாக மாவட்ட அளவைத் தாண்ட மாட்டேன் என்பது கல்லூரி முடிப்பதற்குள் தெளிவாகிவிட்டது. இப்போது ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. ஆட்டத்தை விட்டு விலகவும் மனமில்லை, சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுமையும் இல்லை. அம்பயராகலாம் என்று ஓர் ஆசை.

எங்கே தொடங்குவது, யாரைப் பார்ப்பது, தேர்வு உண்டா, கண்ணாடி அணிந்தவனைச் சேர்த்துக்கொள்வார்களா, இதை மட்டும் நம்பி வாழ முடியுமா? விம்பிள்டனிலேயே லைன் அம்பயர்களை, அதாவது கோட்டோரம் நின்று பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்பவர்களை, எடுத்துவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து, காலம் கடந்து வந்துவிட்டேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

#2 செம்மண் (சென்னை)

தம்பி, தொலைக்காட்சியில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த நாற்காலிக்கு நேராக ஏறும் வழி கிடையாது.

உங்கள் மாவட்டச் சங்கத்தையோ தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தையோ தொடர்புகொண்டு, அடுத்து நடக்கும் ஜூனியர் போட்டிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்பார்கள். அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் அட்டவணையில் டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று படிப்படியாகப் போட்டிகள் இருக்கின்றன; 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோருக்கு. நீங்கள் நுழைய வேண்டிய இடம் டேலண்ட் சீரிஸ். பல ஆட்டங்களில் நாற்காலியே இருக்காது. பிள்ளைகள் தங்கள் பக்கத்துக் கோடுகளைத் தாங்களே பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் மூன்று, நான்கு கோர்ட்டுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். ரோவிங் அம்பயர் என்று பெயர். மே மாத வெயிலில் காலையிலிருந்து மாலைவரை அந்த நடையைத் தாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

அடுத்து, தேசிய அளவிலான பயிற்சி வகுப்பும் தேர்வும். அதன் பிறகு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் படிகள். பேட்ஜ் நிறத்தைக் கொண்டுதான் ஒருவருடைய தகுதியைச் சொல்வார்கள். தேசிய அளவுக்குப் பச்சை. சர்வதேச வாசலுக்கு வெள்ளை. வெள்ளையிலேயே சேர் அம்பயர் (நாற்காலியில் இருப்பவர்), சீஃப் அம்பயர் (அம்பயர்களைப் பணிக்குப் பிரித்து அனுப்புபவர்), ரெஃப்ரி (போட்டி முழுவதற்கும் பொறுப்பானவர்) என்று மூன்று பிரிவுகள் உண்டு. வெண்கலம் சேர் அம்பயர்களுக்கு மட்டும். அதற்கு மேல் வெள்ளி, தங்கம். கிராண்ட்ஸ்லாம் இறுதியாட்டத்தில் நீங்கள் பார்ப்பவர்கள் தங்க பேட்ஜ்காரர்கள். உலகம் முழுவதும் அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு.

எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் ஆங்கிலத்தில். ஐடிஎஃப் தளத்தில் விதிப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. அலுவலர்களின் கடமைகள், நடைமுறைகள் பற்றி இன்னோர் ஆவணமும் இருக்கிறது. முதலாவதை எல்லோரும் படிப்பார்கள், தேர்வில் தடுமாற வைப்பது இரண்டாவது.

கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு பார்வை 20/20 இருந்தால் போதும், காதும் நன்றாகக் கேட்க வேண்டும்.

#3 நெட்கார்டு (திருச்சி)

செம்மண் சார் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கேட்டவர் இளைஞர், கையில் ஒரு வேலையும் இருக்கிறது. அவரிடம் யாராவது கசப்பையும் சொல்ல வேண்டும்.

2006-இல் பந்து விழுந்த இடத்தைக் கேமராக்களால் கணிக்கும் ஹாக்-ஐ வந்தபோது அது மேல்முறையீட்டுக்கான கருவி மட்டும்தான். 2017-இல் மிலான் நகரில் இளம் ஆட்டக்காரர்களுக்கு நடந்த நெக்ஸ்ட் ஜென் போட்டியில் லைன் அம்பயர்களே இல்லாமல் ஆடிப் பார்த்தார்கள். 2020 யுஎஸ் ஓபனில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி, இரண்டு பெரிய அரங்குகளைத் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடு பார்க்க இயந்திரத்தை வைத்தார்கள். 2021-இல் ஆஸ்திரேலிய ஓபன் எல்லாக் கோர்ட்டிலும். 2025-இல் ஆண்கள் தொழில்முறைச் சுற்றான ஏடிபி டூர் முழுவதும், விம்பிள்டனும். கிராண்ட்ஸ்லாம்களில் 2025-இலும் லைன் அம்பயர்களை வைத்துக்கொண்டது பிரெஞ்ச் ஓபன் மட்டுமே.

பெரிய போட்டிகளுக்குள் நுழைய சாதாரண அம்பயருக்கு இருந்த வழியே லைன் அம்பயர் வேலைதான். சென்னையில் ஏடிபி போட்டி நடந்த காலத்தில், ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நாடெங்கிலும் இருந்து வந்த லைன் அம்பயர்கள் நின்றார்கள். உலகத் தரத்து ஆட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்தார்கள், தங்க பேட்ஜ்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். அந்தப் போட்டியும் 2018-இல் புனேவுக்குப் போய்விட்டது. ஏணியின் நடுப்படிகளை உருவிவிட்டு, மேலே ஏறி வா என்று சொன்னால் யார் ஏறுவது?

#4 தேம்ஸ்கரை (லண்டன்)

நான் பிரிட்டனில் பகுதிநேர லைன் அம்பயராக இருந்தவன். விம்பிள்டன் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

2024 வரை அங்கே சுமார் 300 லைன் அம்பயர்கள் பணியாற்றினார்கள். பெரிய கோர்ட்டுகளில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வரை நிற்பார்கள். 2025-இல் அந்தப் பணி முழுவதும் போயிற்று. ஏறக்குறைய 80 பேரை மட்டும் மேட்ச் அசிஸ்டன்ட் என்ற பெயரில் வைத்துக்கொண்டார்கள்: ஆட்டக்காரர் கழிப்பறைக்குப் போனால் உடன் செல்வது, சேர் அம்பயருக்குத் துணையாக நிற்பது போன்ற வேலைகள். ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலர் ஆண்டுதோறும் விடுப்பு எடுத்து வந்தவர்கள். பணத்துக்காக வந்தவர் யாரும் இல்லை. ஆகவே பிழைப்பு போயிற்று என்று சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் மகிழ்ச்சி தந்த ஒன்று போயிற்று.

ஆனால் அதே 2025-இல் சென்டர் கோர்ட்டில் பாவ்லியுசென்கோவா, சோனே கார்டல் ஆட்டத்தில் நடந்ததையும் பாருங்கள். கோர்ட்டின் ஒரு பகுதியில் இயந்திரத்தைத் தவறுதலாக அணைத்துவிட்டார்கள். கார்டல் அடித்த பந்து தெளிவாக வெளியே விழுந்தது, இயந்திரத்திலிருந்து அவுட் என்ற குரல் வரவில்லை. சேர் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, தொலைபேசியில் விசாரித்து, பாயிண்டை மறுபடி ஆடச் சொன்னார். அரங்கில் எல்லோருக்கும் பந்து அவுட் என்று தெரிந்திருந்தது. அந்த கேமை இழந்த பாவ்லியுசென்கோவா கடைசியில் ஆட்டத்தை வென்றுவிட்டதால் விவகாரம் சீக்கிரம் அடங்கியது. தோற்றிருந்தால்?

#5 நெட்கார்டு (திருச்சி)

ஒரு முறை ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள் என்பதற்காக மனிதக் கண் உயர்ந்ததாகிவிடாது. 2004 யுஎஸ் ஓபன் காலிறுதியில் செரீனா, கப்ரியாட்டி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டுக்குள் நன்றாக விழுந்த பந்தை சேர் அம்பயர் அவுட் என்று மாற்றினார். ஹாக்-ஐ வேண்டும் என்ற குரல் வலுத்ததே அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான். கோடு பார்ப்பதில் இயந்திரம் நம்மை ஜெயித்துவிட்டது, அதைப் பற்றி வாதம் வேண்டாம்.

#6 செம்மண் (சென்னை)

நெட்கார்டு, அதில் எனக்கும் வாதம் இல்லை. கோடு பார்ப்பதுதான் அம்பயர் வேலை என்ற இடத்தில்தான் நாம் பிரிகிறோம்.

2025 ஏப்ரலில் மாட்ரிட் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் தளம். பந்து விழுந்த தடம் கண்ணெதிரே தெரிகிறது, இயந்திரம் வேறு சொல்கிறது. ஸ்வெரெவ் நாற்காலியில் இருந்த முகமது லஹ்யானியைக் கீழே இறங்கி வந்து தடத்தைப் பார்க்கச் சொன்னார். இயந்திரம் தீர்ப்புச் சொல்லும் ஆட்டத்தில் தடம் பார்க்க விதியில் இடமில்லை. அவர் மறுத்தார். ஸ்வெரெவ் கைப்பேசியை எடுத்துவந்து தடத்தைப் படம் பிடித்தார். நடத்தை விதிப்படி எச்சரிக்கை கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஆட்டத்தைத் தொடரவைத்தார் லஹ்யானி. இதில் கோடு பார்க்கும் வேலை எங்கே இருக்கிறது? கோபத்தில் இருக்கும் ஒரு மனிதனை, விதியை விட்டுக்கொடுக்காமல், இன்னும் கோபப்படுத்தாமல், மறுபடி அடிக்கோட்டுக்கு அனுப்பும் வேலை அது.

அதே லஹ்யானிதான் 2010 விம்பிள்டனில் இஸ்னர், மஹுட் ஆட்டத்தின் அம்பயர். மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம். கடைசி செட் 70-68. ஸ்கோர் பலகை 47-47-இல் நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை.

கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு 2004 விம்பிள்டன் இருக்கிறது. வீனஸ் வில்லியம்ஸ், கரோலினா ஸ்ப்ரெம் ஆட்டத்தின் டைபிரேக்கில் ஸ்ப்ரெமுக்கு வராத பாயிண்டைச் சேர்த்து அறிவித்துவிட்டார் அம்பயர். ஆட்டக்காரர்கள் இருவருமே தடுக்கவில்லை, ஆட்டம் அப்படியே போய் வீனஸ் தோற்றார். அந்தத் தொடரில் அவருக்கு அதன் பிறகு ஆட்டம் தரவில்லை.

ஏணி பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவப்பட்டது மேல்பகுதிப் படிகள். தொழில்முறை ஆட்டத்தின் அடிமட்டமான எம்15 (ஆண்கள்), டபிள்யூ15 (பெண்கள்) போட்டிகளிலும் ஜூனியர் போட்டிகளிலும் இயந்திரம் கிடையாது, வாங்கக் காசும் கிடையாது. பல ஆட்டங்களில் சேர் அம்பயர் ஒருவரே எல்லாக் கோடுகளையும் பார்த்து, ஸ்கோரும் சொல்லி, வாயையும் காக்க வேண்டும். ஒன்பது பேர் சூழ உட்காரும் அம்பயரைவிட இவருக்குத்தான் வேலை அதிகம். நான் பார்த்தவரை நல்ல அம்பயர்கள் அங்கே உருவானவர்கள்தான்.

#7 ஆட்டக்காரியின் அப்பா (சேலம்)

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகவே எழுதுகிறேன். நல்ல அம்பயர்கள் ஜூனியர் போட்டியில் உருவாகிறார்களாம். என் மகள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடுகிறாள். சென்ற போட்டியில் எதிரே ஆடிய பெண், கோட்டில் விழுந்த பந்துகளைத் திரும்பத் திரும்ப அவுட் என்றாள். ரோவிங் அம்பயர் இரண்டு கோர்ட் தள்ளி நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மகள் கூப்பிட்டாள். வந்தார், "நான் பார்க்கவில்லையம்மா" என்றார், போய்விட்டார். இதற்கு ஒரு பேட்ஜ் எதற்கு?

#8 செம்மண் (சென்னை)

ஐயா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் "நான் பார்க்கவில்லை" என்றது தவறில்லை. பார்க்காத பந்துக்குத் தீர்ப்பு சொல்வதுதான் தவறு. போய்விட்டார் என்பதுதான் குற்றம்.

பந்தின் தடம் பதியாத ஹார்ட் கோர்ட்டில் அம்பயர் இல்லாத ஆட்டத்தில் இப்படிப் புகார் வந்தால், அவுட் என்று சொன்ன பிள்ளையிடம் "உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்க வேண்டும். உறுதி என்றால் அந்தத் தீர்ப்பு நிற்கும். வேறு வழியில்லை. ஆனால் அங்கேயே முடித்துக்கொள்ளக் கூடாது. ஆள் இருந்தால் நாற்காலியில் ஒருவரை உட்காரவைக்கலாம். இல்லாவிட்டால், "இனி நான் இங்கேதான் நிற்பேன், தெளிவான தவறு எதுவாக இருந்தாலும் திருத்துவேன்" என்று இரண்டு பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வலைக்கு அருகே நிற்க வேண்டும். என் அனுபவத்தில், அப்படிச் சொல்லிவிட்டு நின்றாலே பாதித் தகராறு ஓய்ந்துவிடும். ஒரு பந்தைக்கூடத் திருத்த வேண்டியிருக்காது.

களிமண் தளமாக இருந்தால் தடத்தைப் பார்க்கலாம். அதிலும் எந்தத் தடம் என்று சண்டை வரும், அது தனிக் கதை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பொய் சொல்வதற்குப் பெரிய காரணம் வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர். தோற்றுவிட்டு வெளியே வந்தால் என்ன கிடைக்கும் என்ற பயத்தில் கண்ணுக்குக் கோடு நகர்ந்துவிடுகிறது. உங்களைச் சொல்லவில்லை. ஆனால் ரோவிங் அம்பயர் பந்தை எவ்வளவு பார்க்கிறாரோ அவ்வளவு வேலியையும் பார்க்க வேண்டும்.

#9 ஆட்டக்காரியின் அப்பா (சேலம்)

வேலியைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எத்தனை போட்டிகளில் மூன்று கோர்ட்டுக்கு ஓர் அம்பயர் இருக்கிறார்? அந்தக் கணக்கையும் யாராவது கேட்க வேண்டும்.

#10 மூன்றாவது செட் (மதுரை)

கேட்க வேண்டியதுதான் ஐயா. ஆள் பற்றாக்குறை நிஜம். அதனால்தான் கோவைத் தம்பி போன்றவர்களை விரட்டிவிடாதீர்கள் என்கிறேன்.

நான் வெள்ளை பேட்ஜ் ரெஃப்ரி. பணக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் வாங்குபவர்கள் ஏடிபி, பெண்கள் தொழில்முறைச் சுற்றான டபிள்யூடிஏ, ஐடிஎஃப் ஆகியவற்றில் முழுநேரமாக இருக்கும் சிலர்தான். மற்ற எல்லோருக்கும் நாள்கூலி. போட்டி நடக்கும் நாட்களுக்குப் பணம், தங்குமிடம், சாப்பாடு. பயணச் செலவு போட்டிக்குப் போட்டி மாறும். மழையில் ஆட்டம் நின்றாலும் நாள் முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். ஜூனியர் போட்டியில் கிடைப்பது செலவு போகக் கைக்கு நிற்பது அரிது. ஆகவே தம்பி, நூற்பாலை வேலையை விடாதீர்கள். ஜூனியர் போட்டிகளின் தகுதிச்சுற்று பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். அதில் தொடங்குங்கள்.

எல்லோரும் நாற்காலியையே பார்க்கிறீர்கள். ரெஃப்ரி பக்கம் யாரும் திரும்புவதில்லை. நடந்தது என்ன என்பதில் சேர் அம்பயர் சொல்வதே முடிவு. விதி என்ன சொல்கிறது என்பதில் ரெஃப்ரி சொல்வதே முடிவு. யார் யாரோடு ஆடுவது என்று டிரா போடுவது, நாளைய ஆட்ட வரிசை, எந்தப் பந்து, எந்தக் கோர்ட், மழைக்குப் பின் தளம் ஆடத் தகுதியா, ஒருவரை வெளியேற்றலாமா எல்லாம் எங்கள் தலையில். 2020 யுஎஸ் ஓபனில் ஜோகோவிச் எரிச்சலில் தட்டிய பந்து லைன் அம்பயர் ஒருவரின் தொண்டையில் பட்டதே, அப்போது வலையருகே நின்று நீண்ட நேரம் பேசி, அவரை வெளியேற்றும் முடிவை எடுத்தவர் ரெஃப்ரி சோரன் ஃப்ரீமல். உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், காலி அரங்கு, நேரலை. அந்த முடிவை எந்தக் கேமராவும் எடுக்காது. அந்தத் தொடரில் லைன் அம்பயர்கள் நின்ற கோர்ட்டுகள் இரண்டே இரண்டு, அவற்றில் ஒன்றில்தான் இது நடந்தது என்பதும் ஒரு வேடிக்கை.

கணக்குப் பிரிவில் வேலை என்கிறீர்கள். அட்டவணை போடும் மூளை இருந்தால் இந்தப் பக்கத்தையும் யோசியுங்கள். நம் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு ஐடிஎஃப் போட்டிக்கும் சான்றிதழ் பெற்ற ரெஃப்ரி ஒருவர் வேண்டும். இயந்திரம் வந்தாலும் வேண்டும்.

#11 கோபுரவாசல் (தஞ்சை)

மூன்றாவது செட் அக்கா, பெண்களுக்கு இந்தத் துறை எப்படி? என் தங்கை கேட்கச் சொன்னாள்.

#12 மூன்றாவது செட் (மதுரை)

மேலே கதவு திறந்துதான் இருக்கிறது, தாமதமாகத் திறந்தது. ஆண்களுக்கான கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் இறுதியில் முதன்முதலாக ஒரு பெண் உட்கார்ந்தது 2007-இல்தான், பிரான்சின் சாண்ட்ரா டி ஜென்கன், ஆஸ்திரேலிய ஓபனில். யுஎஸ் ஓபனில் 2015, இவா அஸ்டெராக்கி. விம்பிள்டனில் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மரியா சிசாக்.

கீழே நிலைமை வேறு. ஊர் விட்டு ஊர் போய்த் தங்க வேண்டும், இரவு வெகுநேரம் கழித்து ஆட்டம் முடியும், வீட்டில் ஒரு வாரம் ஆள் இல்லாததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சில போட்டிகளில் பெண் அலுவலர்களுக்கு உடை மாற்ற ஓர் அறைகூட இருக்காது. முதல் நாளே கேட்டு வாங்கும் வாய் வேண்டும். தங்கைக்கு அந்த வாய் உண்டா?

#13 கோபுரவாசல் (தஞ்சை)

அதில் குறையே இல்லை.

#14 நெட்கார்டு (திருச்சி)

ஒருவரும் தொடாத விஷயம் சூதாட்டம். எம்15 போட்டியில் பார்வையாளர் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் அம்பயர் கையிலிருக்கும் கருவியில் ஒவ்வொரு பாயிண்டையும் தட்டத் தட்ட, அந்த ஸ்கோர் உடனே உலகம் முழுவதும் பந்தயக்காரர்களுக்குப் போகிறது. தட்டுவதைச் சில விநாடிகள் தாமதித்தால் யாரோ ஒருவர் லாபம் பார்க்கலாம். இதற்காகவே அம்பயர்கள் தடை செய்யப்பட்டிருக்கிறார்கள், கஜகஸ்தானைச் சேர்ந்த ஒருவருக்கு 2015-இல் ஆயுள் தடை. 2018-இல் வந்த சுயேச்சைக் குழுவின் அறிக்கை, கீழ்நிலைப் போட்டிகளின் நேரலை ஸ்கோரை விற்பதையே நிறுத்தச் சொன்னது. நாள்கூலிக்கு நிற்கும் இளைஞனை யாராவது அணுகினால் அவனுக்கு என்ன பாதுகாப்பு?

#15 செம்மண் (சென்னை)

நல்ல கேள்வி. இதில் மழுப்பக் கூடாது. டென்னிஸின் எந்த ஆட்டத்திலும் அம்பயர் பந்தயம் கட்டக் கூடாது. யாராவது அணுகினால் ஐடிஐஏ எனப்படும் சர்வதேச டென்னிஸ் நேர்மை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 2021-இல் இந்தப் பெயரில் இயங்கத் தொடங்கியது, அதற்கு முன் வேறு பெயரில் இருந்தது. நடைமுறையில் எப்படி வரும் என்றால், லஞ்சம் என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஹோட்டல் வரவேற்பறையில் ஒருவர் நட்பாகப் பேசுவார், நாளை எந்தக் கோர்ட், யாருக்குக் கால்வலி என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதே முதல் தவறு. ஆட்டக்காரர்களோடு ஒட்டி உறவாடாமல் இருப்பதும், சமூக வலைத்தளத்தில் ஆட்டங்களைப் பற்றிக் கருத்து எழுதாமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். இங்கே நான் புனைபெயரில் எழுதுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கூலி உயராமல் இந்த ஆபத்து முழுதாகப் போகாது என்பதில் நெட்கார்டு பக்கம்தான் நான்.

சரி, பேச்சு கனத்துவிட்டது. நான்கு கேள்விகள். புத்தகம் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

ஒன்று: அம்பயர் இல்லாத ஆட்டம். சர்வ் செய்பவர் 40-30 என்கிறார், எதிரே நிற்பவர் 30-40 என்கிறார். முதல் பாயிண்ட் யாருக்கு என்பதில் மட்டும் தகராறு, மற்ற பாயிண்டுகளில் ஒத்துப்போகிறார்கள். ஸ்கோர் என்ன?

இரண்டு: இரட்டையர். சர்வ் செய்த பந்து தரையில் படும் முன், வலையருகே நிற்கும் எதிரணிக் கூட்டாளியின் தோளில் படுகிறது. பந்து வெளியே போகும் திசையில்தான் இருந்தது.

மூன்று: ஆட்டம் நடக்கும்போது ஒருவருடைய தொப்பி கழன்று கோர்ட்டில் விழுகிறது.

நான்கு: சுழற்சியோடு வந்த பந்து உங்கள் பக்கம் குத்தி, நீங்கள் தொடும் முன் வலைக்கு அந்தப்புறம் திரும்பிப் போகிறது.

#16 ஆட்டக்காரியின் அப்பா (சேலம்)

ஒன்றுக்கு: சர்வ் செய்பவர் சொல்வதுதான் ஸ்கோர். இரண்டுக்கு: பந்து வெளியே போகிறதென்றால் ஃபால்ட்.

#17 கோபுரவாசல் (தஞ்சை)

மூன்றாவதுக்கு லெட், அதாவது பாயிண்டை மறுபடி ஆட வேண்டும். நான்காவது, பாயிண்ட் போச்சு என்று நினைக்கிறேன்.

#18 அடிக்கோடு (கோவை)

முதலாவதுக்கு 30-30 என்பது என் பதில். ஒத்துக்கொண்ட பாயிண்டுகள் மட்டும் கணக்கு, ஆளுக்கு இரண்டு. இரண்டாவதுக்கு சர்வ் செய்த அணிக்குப் பாயிண்ட். பந்து எங்கே போகிறது என்பது கணக்கில்லை, தரையில் படும் முன் உடம்பில் பட்டுவிட்டது. மூன்றாவது முதல் முறை லெட், மறுபடி விழுந்தால் பாயிண்ட் இழப்பு. நான்காவதில், வலைக்கு மேலாகக் கை நீட்டி அடிக்கலாம்; ஆனால் வலையைத் தொடக் கூடாது.

#19 செம்மண் (சென்னை)

நான்கும் சரி. ஐயா, முதல் கேள்வியில் உங்களைப் போலத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சர்வ் செய்பவர் ஒவ்வொரு பாயிண்டுக்கு முன்பும் எதிராளிக்குக் கேட்கும்படி ஸ்கோர் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் சொன்னதே சரி என்பது விதியில்லை. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், தகராறில் பாதி குறையும்.

#20 நெட்கார்டு (திருச்சி)

நான்காவதில், வலையைத் தாண்டித் திரும்பிய பந்தைத் தொடாமலே விட்டால் பாயிண்ட் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். தம்பி, உங்களைத் தடுக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போங்கள் என்றுதான் சொன்னேன். வயது உங்கள் பக்கம் இருக்கிறது.

#21 அடிக்கோடு (கோவை)

எல்லோருக்கும் நன்றி. மாவட்டச் சங்கத்தில் பேசினேன். அடுத்த மாதம் ஒரு டேலண்ட் சீரிஸ் போட்டியின் தகுதிச்சுற்றுக்கு இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். கூலி எவ்வளவு என்று கேட்கவில்லை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

#22 மூன்றாவது செட் (மதுரை)

கூலி எவ்வளவு என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள், முதல் தடவை கேட்காதவர் பிறகு கேட்கவே மாட்டார்.

அளவு நாடா ஒன்று. வலையின் நடு உயரம் 3 அடி, அதாவது 0.914 மீட்டர். காலையில் ஒவ்வொரு கோர்ட்டிலும் அளக்க வேண்டும், வெயில் ஏறினால் பட்டை தளரும். ஒற்றையர் ஆட்டத்தில் இரட்டையர் வலை கட்டியிருந்தால் வலையைத் தாங்கும் சிங்கிள்ஸ் ஸ்டிக் வேண்டும், ஒற்றையர் பக்கக் கோட்டிலிருந்து 3 அடி வெளியே, 1.07 மீட்டர் உயரம். டாஸுக்கு ஒரு நாணயம். அழிப்பானோடு இரண்டு பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் தாள் நனைந்தால் மை பரவும். நிறுத்துக்கடிகாரம் ஒன்று. கைப்பேசியைக் கோர்ட்டுக்குள் எடுக்காதீர்கள், பெற்றோர் பார்த்தால் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்பார்கள். தொப்பி, தண்ணீர், தடிமனான காலுறை.

ஸ்கோர் தாளை இன்று இரவே பழகுங்கள். ஏஸ் என்றால் ஏ (A), டபுள் ஃபால்ட் என்றால் டி (D), நடத்தை மீறலுக்கு சி (C), நேர மீறலுக்கு டி (T) என்று ஆங்கில எழுத்துகளில் குறிப்பார்கள். கடைசி டி வேறு எழுத்து, குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் சர்வ் ஃபால்ட் ஆனால் கட்டத்தின் கீழ் ஒரு புள்ளி. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டு முழுவதும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது செட்டில் கை தடுமாறும்.

#23 ஆட்டக்காரியின் அப்பா (சேலம்)

அடுத்த மாதம் கோவையில் நடக்கும் அந்தப் போட்டிக்கு என் மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள். தகுதிச்சுற்றுதான். தம்பி, நீங்கள் யாரென்று நான் கேட்க மாட்டேன்.

#24 செம்மண் (சென்னை)

கேட்காமல் இருப்பதே நல்லது ஐயா. தம்பி, இழையில் பேசிய அறிமுகம்தான் என்றாலும் ரெஃப்ரியிடம் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் கோர்ட் தருவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.